சைடு ஸ்டாண்டில் போட்ட வண்டி ஏன் விழுகிறது? நிறுத்துவது முதல் தூக்கி நிமிர்த்துவது வரை முழுமையான வழிகாட்டி

காலையில் நிறுத்திய வண்டி சாயங்காலம் தரையில் கிடந்தால், யாரோ இடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் யாருமே தொடாமலும் வண்டி விழும். ஸ்டாண்டின் கால் தாரில் மெல்ல இறங்கியிருக்கும், அல்லது நியூட்ரலில் விட்ட வண்டி நான்கு விரற்கடை முன்னால் நகர்ந்து ஸ்டாண்டே மடங்கியிருக்கும். எப்படி விழுகிறது என்று தெரிந்துவிட்டால் விழாமல் நிறுத்துவது பெரிய வேலை இல்லை. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவோம்.

மூன்று புள்ளி, ஒரு முக்கோணம்

சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி தரையைத் தொடுவது மூன்றே இடத்தில்: முன் டயர், பின் டயர், ஸ்டாண்டின் கால். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒடுங்கிய, நீளமான ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் எடை மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டால் அது இந்த முக்கோணத்துக்குள் விழ வேண்டும். வெளியே போனால் வண்டி சாயும். அவ்வளவுதான் கணக்கு.

ஸ்டாண்ட் இடது பக்கம் இருப்பதால் வண்டியும் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இந்தச் சாய்வு 10 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும். சரி, எந்தப் பக்கம் விழ வாய்ப்பு அதிகம்? இடது பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து இடது பக்கம் என்று சொல்லத் தோன்றும். கணக்கு நேர்மாறாக வருகிறது. இடது பக்கம் விழ வேண்டுமானால் எடை மையம் ஸ்டாண்டின் காலைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு வண்டி ஏறக்குறைய 30 டிகிரி சாய வேண்டியிருக்கும். வலது பக்கம் விழுவதற்கோ, இருக்கிற 10, 12 டிகிரி சாய்வு தீர்ந்து வண்டி நேராக நிமிர்ந்தாலே போதும். அதற்கு மேல் தானாகவே போய்விடும். வலது பக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஸ்டாண்டில் வண்டி எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதோ, வலது பக்கம் அவ்வளவு ஆபத்து. நிமிர்ந்து நிற்கும் வண்டி பார்க்க அழகாக இருக்கும். அதை நம்பிவிட்டுப் போகக்கூடாது.

உங்கள் வண்டியின் சாய்வை அளக்க ஒரு கைபேசி போதும். அதில் சாய்வு காட்டும் செயலியைத் திறந்து, அதன் விளிம்பைப் பின்பக்க நம்பர் பிளேட்டின் கீழ் விளிம்போடு ஒட்டிப் பிடியுங்கள். பிளேட் வளையாமல் நேராக இருக்க வேண்டும், தரையும் சமமாக இருக்க வேண்டும். காட்டும் எண்தான் சாய்வு. 8 டிகிரிக்குக் கீழே வந்தால் ஸ்டாண்ட் நீளம் அதிகம் அல்லது சஸ்பென்ஷன் தளர்ந்திருக்கிறது. 17, 18 டிகிரிக்கு மேல் போனால் ஸ்டாண்ட் வளைந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம், அல்லது வண்டியின் உயரம் கூடியிருக்கலாம்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. ஸ்டாண்டின் கால், டயர்கள் தரையைத் தொடும் கோட்டிலிருந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி நிற்கும். அந்த அளவில், கால் 1 செ.மீ. கீழே இறங்கினால் சாய்வு சுமார் 2 டிகிரி கூடும். 5 செ.மீ. இறங்கினால் 10 டிகிரி. கால் புதைவதும், மேடான கல்லின்மேல் ஏறி நிற்பதும், ஸ்டாண்டை வெட்டுவதும் ஒட்டுவதும் எல்லாம் இந்த ஒரே கணக்கில் அடங்கும்.

முன்னால் உருண்டால் ஸ்டாண்ட் மடங்கும்

வண்டிகள் விழும் காரணங்களில் நொடியில் நடந்து முடிவது இதுதான். ஸ்டாண்டைப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். மடக்கியிருக்கும்போது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கினால் கீழே வந்து, நேர்க்குத்தைத் தாண்டி, கொஞ்சம் முன்பக்கமாகப் போய் ஒரு முட்டில் 'டக்' என்று நிற்கும். வண்டி பின்னால் நகரப் பார்த்தால் தரை ஸ்டாண்டை அந்த முட்டின்மேலேயே அழுத்தும், மடங்காது. முன்னால் நகர்ந்தால் கால் தரையில் ஊன்றி நிற்க, வண்டி மட்டும் முன்னே போகும். அப்போது ஸ்டாண்ட் தன் மடக்குத் திசையிலேயே திரும்பும். பாதி மடங்கியதும் மீதியை ஸ்பிரிங்கே இழுத்துக்கொள்ளும். வண்டி இடது பக்கம் பொத்தென்று விழும்.

ஆகவே சரிவில் நிறுத்தினால் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க வேண்டும். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிறுத்துவதைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் முதல் கியர் கட்டாயம்.

கியரிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கியரில் போட்டுவிட்டால் வண்டி அசையாது என்று நினைப்போம். உண்மையில் கியர் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி, செயினின் தளர்வு எல்லாம் சேர்ந்து, இன்ஜின் பிடிக்கும் முன் வண்டி சில செ.மீ. உருளும். ஸ்டாண்ட் பாதி மடங்க அதுவே போதுமாக இருக்கலாம். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை விடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே, வண்டி எந்தப் பக்கம் உருளப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். இன்ஜின் பிடித்து வண்டி நிற்கும். அதற்குப் பிறகுதான் ஸ்டாண்ட். இறங்கிய பின் கிளட்ச் லீவரைத் தொடக்கூடாது. இறங்கும்போது பழக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டே இறங்கி வண்டியைச் சாய்த்தவர்கள் ஏராளம்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த வசதி இல்லை. இன்ஜின் அணைந்திருக்கும்போது அதன் கிளட்ச் பின் சக்கரத்தைப் பிடிக்காது. சக்கரம் தாராளமாகச் சுற்றும். பார்க்கிங் பிரேக் கிளிப் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து, பின் சக்கரத்தை ஒரு திட்டிலோ கல்லிலோ முட்ட விடுங்கள். சமமான கெட்டித் தரையில் ஸ்கூட்டருக்கு மெயின் ஸ்டாண்டே நல்லது. எடை குறைவு, போடுவதும் எளிது.

சரிவான இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு காப்பு வேண்டுமென்றால், முன் பிரேக் லீவரை இழுத்து கைப்பிடியோடு சேர்த்து ஒரு தடித்த ரப்பர் வளையத்தாலோ ஒட்டுப் பட்டையாலோ கட்டிவிடலாம். செலவில்லாத கை பிரேக்.

நிறுத்தும் முறை

முதலில் தரையைப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே, ஸ்டாண்டின் கால் எங்கே ஊன்றும் என்று இடது காலுக்குப் பக்கத்தில் பாருங்கள். மண், மணல், புல், ஈரம், சாக்கடை மூடி, தளக்கற்களுக்கு இடையிலான பிளவு எதுவும் அந்த இடத்தில் வரக்கூடாது. சந்தேகமாக இருந்தால் இறங்கி, அந்த இடத்தில் ஒற்றைக் காலின் குதிகாலை மட்டும் ஊன்றி முழு எடையையும் போட்டு நின்று பாருங்கள். குதிகால் பதிந்தால் ஸ்டாண்டும் பதியும். இந்தச் சோதனை ஏன் பலிக்கிறது என்பதைக் கீழே சொல்கிறோம்.

அடுத்து சரிவு. முன்பின் சரிவைப் பார்த்தாயிற்று. பக்கவாட்டுச் சரிவு கண்ணில் எளிதில் படாது. சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் இருப்பதால் ஓரத்தில் எப்போதும் ஒரு பக்கச் சரிவு உண்டு. வண்டியின் இடது பக்கத் தரை உயர்ந்திருந்தால் ஸ்டாண்ட் வண்டியை நிமிர்த்திவிடும். அங்கே நிறுத்தவே வேண்டாம், வண்டியை எதிர்த்திசை பார்க்கத் திருப்பிவிடுங்கள். இடது பக்கம் தாழ்ந்திருந்தால் சாய்வு கூடும். ஓரளவு வரை அது நல்லதுதான். வண்டி வழக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி படுத்து நின்றால் மட்டும் இடத்தை மாற்றுங்கள்.

பின்னால் இருப்பவர் முதலில் இறங்கட்டும், ஸ்டாண்ட் போடும் முன்பே. ஸ்டாண்ட் போட்ட பிறகு அவர் ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று காலைச் சுழற்றினால், ஸ்டாண்டின் கழுத்திலும் பிரேமின் பிடிப்பிலும் விழும் சுமை அது தாங்க வேண்டியதைவிட மிக அதிகம்.

இப்போது ஸ்டாண்டை இடது காலால் முன்னால் தள்ளுங்கள். 'டக்' என்ற அந்தச் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பின்னும் குதிகாலால் ஒருமுறை முன்னோக்கி அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில் ஸ்டாண்ட் முக்கால்வாசி வந்து, முழுதாக வந்தது போலவே நிற்கும். பிறகு வண்டியை மெல்லச் சாய்த்து, எடை முழுவதும் ஸ்டாண்டில் இறங்கும் வரை இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும்.

ஹேண்டிலை இடது பக்கம் முழுதாகத் திருப்பிப் பூட்டுங்கள். வலது பக்கமும் பூட்டு விழும் என்றாலும் இடதுதான் சரி. காரணத்தை நேரிலேயே பார்க்கலாம்: வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது ஹேண்டிலை மெதுவாக வலது பக்கம் திருப்பிப் பாருங்கள், வண்டி லேசாகிவிட்டது போல இருக்கும், இடது பக்கம் திருப்பினால் ஸ்டாண்டின்மேல் அழுந்தி உட்காரும். திருப்பும்போது முன் டயர் தரையைத் தொடும் புள்ளி எதிர்ப்பக்கம் நகர்வதால் வரும் மாற்றம் இது.

கடைசியாக, விட்டுப்போகும் முன் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும், பிறகு வலது பக்கம் லேசாக, ஒருமுறை அசைத்துப் பாருங்கள். மூன்று நொடி வேலை. ஒரு விரலால் நிமிர்த்த முடிகிறது என்றால் அந்த இடம் சரியில்லை.

கால் புதைவதைத் தடுப்பது

வண்டியின் எடையில் நான்கில் ஒரு பங்கு ஸ்டாண்டின்மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 160 கிலோ வண்டி என்றால் 40 கிலோ. காலின் அடிப்பரப்பு 4 செ.மீ.க்கு 5 செ.மீ., அதாவது 20 சதுர செ.மீ. ஆக ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 2 கிலோ அழுத்துகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் குதிகாலில் நின்றால், குதிகாலின் பரப்பு 30 சதுர செ.மீ. என்று கொண்டால், அதே 2 கிலோதான் வருகிறது. குதிகால் சோதனை பலிப்பது இதனால்தான்.

உங்கள் வண்டிக்கு உண்மையான எண் வேண்டுமா? எடை பார்க்கும் மெஷினை ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்து, அதே தடிமன் உள்ள பலகைகளை இரண்டு டயருக்கும் அடியில் கொடுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் எண்ணைப் படிக்கலாம்.

காலுக்கு அடியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. தகடு ஒன்றை வைத்தால் பரப்பு 100 சதுர செ.மீ. ஆகிறது, அழுத்தம் 2 கிலோவிலிருந்து 0.4 கிலோவாக, ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கையில் வைத்துக்கொள்ள 3 மி.மீ. தகரமோ 12 மி.மீ. ஒட்டுப்பலகையோ போதும். ஒரு மூலையில் துளையிட்டு ஒரு மீட்டர் கயிறு கட்டி, மறுமுனையை ஹேண்டிலில் மாட்டிவிடுங்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பின் இழுத்து எடுத்துக்கொள்ளலாம். கண்ணெதிரே தொங்குவதால் மறந்துவிட்டும் போக முடியாது. அவசரத்துக்குத் தட்டையான கல், மிதித்து நசுக்கிய தகர டப்பா, மரத்துண்டு எதுவும் ஆகும். ஆனால் தடிமன் 2 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. 3 செ.மீ. கல்லை வைத்தால் சாய்வில் 6 டிகிரி போய்விடும், வண்டி வலது பக்கம் விழத் தயாராகிவிடும். புதையாமல் காப்பாற்றப் போய் மறுபக்கம் தள்ளிவிட்ட கதையாக முடியும். செங்கல்லை எடுத்து முட்டுக்கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வெயிலில் தார் இளகும் என்பது தெரிந்ததே. புதைவதில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, அது போகப் போக வேகமெடுக்கும் என்பது. கால் இறங்கினால் சாய்வு கூடும். சாய்வு கூடினால் ஸ்டாண்டின்மேல் சுமை கூடும். சுமை கூடினால் இன்னும் இறங்கும். முதல் 1 செ.மீ. இறங்க ஒரு மணி நேரம் எடுத்த கால், கடைசி 3 செ.மீ.யைச் சில நிமிடங்களில் இறங்கிவிடலாம். "பத்து நிமிஷம் பார்த்தேன், நன்றாகத்தான் நின்றது" என்பது இந்த விஷயத்தில் சாட்சி ஆகாது.

மழைக்குப் பிறகு மண்தரையும் இப்படித்தான். வழுவழுப்பான ஓட்டுத்தரையில் கால் புதையாது, வழுக்கும். அடியில் ஒரு ரப்பர் துண்டு போதும்.

காற்று, உறை, வரிசை

பலத்த காற்று எதிர்பார்க்கும் இடத்தில் வண்டியின் வலது பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். அப்போது காற்று வண்டியை ஸ்டாண்டின்மேல் அழுத்தும். இடது பக்கத்திலிருந்து அடித்தால் நிமிர்த்தி வலது பக்கம் தள்ளிவிடும். மேலே உறை போர்த்தியிருந்தால் அது பாய்மரம் போல வேலை செய்யும். உறையின் அடிப்பக்கக் கயிற்றை இன்ஜினுக்கு அடியில் கொண்டுபோய் இறுக்கிக் கட்டுங்கள். தொளதொளவென்று விடுவதைவிட உறை இல்லாமல் இருப்பதே மேல்.

காற்றுக்கு மெயின் ஸ்டாண்ட் நல்லதல்லவா என்று கேட்கலாம். சமமான கெட்டித் தரையில், கழுவும்போதும் செயினுக்கு எண்ணெய் போடும்போதும் மெயின் ஸ்டாண்ட்தான் வசதி. ஆனால் அதில் வண்டி நிமிர்ந்து, உயர்ந்து நிற்கிறது. இரண்டு கால்களுக்கும் இடைவெளி குறைவு. பக்கவாட்டுக் காற்றுக்கும் இளகிய தரைக்கும் ஈடுகொடுக்காது. மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் அதிலிருந்தும் வண்டி முன்னால் உருண்டு இறங்கிவிடும்.

வண்டிகளை வரிசையாக நிறுத்தும் இடங்களில் ஒன்று விழுந்தால் அடுக்காக விழுவதைப் பார்த்திருப்போம். அந்த அடுக்கு வலது பக்கமாகப் போவதுதான் எளிது: வலது பக்கம் விழும் வண்டி அடுத்த வண்டியை இடது பக்கத்தில் இடித்து நிமிர்த்திவிடும், அதுவும் வலது பக்கம் போகும். இடது பக்கம் விழும் வண்டி பக்கத்து வண்டியை அதன் ஸ்டாண்டின்மேல் அழுத்துகிறது. அது பல நேரம் தாங்கும். ஆகவே, தேர்ந்தெடுக்க முடிந்தால், வரிசையின் இடது கோடி இடம்தான் பாதுகாப்பு. நடுவில்தான் கிடைத்தது என்றால், ஒரு ஆள் இரண்டு வண்டிக்கும் நடுவில் உரசாமல் நுழைந்து நிற்கும் அளவு இடைவெளி விடுங்கள். விடவில்லையென்றால் பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டியை எடுக்க உங்கள் வண்டியைத்தான் நிமிர்த்தித் தள்ளுவார்.

சுமை ஏற்றினால்

ஸ்டாண்ட் பிரேமில் மாட்டியிருக்கிறது. சுமை ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கி பிரேம் கீழே வரும். ஸ்டாண்ட் அதே நீளத்தில் இருப்பதால் வண்டி நிமிரும். வெறும் வண்டியாகப் பத்திரமாக நின்றது, பின்னால் 30 கிலோ மூட்டை கட்டியதும் வலது பக்கம் சாயப் பார்ப்பது இதனால்தான். பின் சாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை ஒன்றிரண்டு படி கூட்டினால் பிரேம் உயர்ந்து சாய்வு திரும்பக் கிடைக்கும். பக்கப் பெட்டிகள் மாட்டும்போது இடது பெட்டியை முதலில் மாட்டி நிரப்புங்கள். இறக்கும்போது வலதை முதலில் இறக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் சில நிமிடங்களுக்கு வலது பக்கத்தில் மட்டும் எடை தொங்கும்.

வண்டியின் உயரத்தைக் குறைக்கும் மாற்றங்கள் செய்தாலும் இதே சிக்கல்தான். உயரத்தைக் கூட்டினால் நேர்மாறு. ஸ்டாண்டை எவ்வளவு வெட்ட வேண்டும் அல்லது நீட்ட வேண்டும் என்பதை ஊகத்தில் செய்ய வேண்டாம். சாய்வு போதாத வண்டிக்கு இரண்டு டயர்களுக்கும் அடியில் ஒரே தடிமன் பலகைகளை அடுக்கிக்கொண்டே போங்கள். 12 டிகிரி வந்ததும் அந்தப் பலகையின் தடிமனை அளந்தால் ஏறக்குறைய அதுவே வெட்ட வேண்டிய நீளம். சாய்வு அதிகமான வண்டிக்குப் பலகை ஸ்டாண்டின் காலுக்கு அடியில். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இன்ஜக்ஷன் வண்டி (கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் செலுத்தும் வண்டி) என்றால் ஸ்டாண்டையே கழற்றித் தனியாகக் கொண்டுபோய் ஒட்டுவது இன்னும் நல்லது.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் குழந்தையை ஏற்றி உட்கார வைக்காதீர்கள். ஸ்டாண்டில் போட்டபடி கிக்கர் அடிக்காதீர்கள். இன்ஜினை ஓடவிட்டுவிட்டு நகராதீர்கள். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் ஸ்டாண்டின் கால் இடம் நகரும்.

விழத் தொடங்கிவிட்டால், விழுந்துவிட்டால்

வண்டி சற்றே சாயும்போது பிடித்து நிறுத்தலாம். ஹேண்டில் இடுப்புக்குக் கீழே போய்விட்டால் விட்டுவிடுங்கள். உடைந்த லீவரை மாற்றலாம், முதுகெலும்பை மாற்ற முடியாது. காலைக் கொடுத்துத் தடுக்கப் பார்ப்பது அதைவிட மோசம், அதுவும் சூடான சைலன்சர் இருக்கும் பக்கம்.

விழுந்த வண்டியைத் தூக்கும் முறை:

1. சாவியை அணையுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பக்கத்தில் யாரும் நெருப்புப் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள்.

2. முதல் கியரில் போடுங்கள். நியூட்ரலில் இருந்தால் பாதி தூக்கும்போது உருளும். கியர் விழவில்லையென்றால் பின் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

3. வலது பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்ட் மேலே இருக்கும். தூக்கும் முன்பே இறக்கிவிடுங்கள். அப்போதுதான் நிமிர்த்தி அப்படியே அதன்மேல் சாய்க்க முடியும். இடது பக்கம் விழுந்திருந்தால் நிமிர்த்திய பின்தான் காலால் துழாவி இறக்க முடியும்.

4. ஹேண்டிலை விழுந்த பக்கமே முழுதாகத் திருப்புங்கள். தரையில் இருக்கும் கைப்பிடி சீட்டுப் பக்கம் வந்து, பிடிக்க வசதியாக இருக்கும்.

5. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் புட்டத்தை முட்டிக் குந்துங்கள். ஒரு கை கைப்பிடியில், மற்றது பின்பக்கப் பிடியிலோ பிரேமிலோ. இண்டிகேட்டரையும் பிளாஸ்டிக்கையும் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும்.

6. முதுகு நேராக, கை நீட்டியபடி, தொடையின் பலத்தால் பின்னோக்கிச் சிறு சிறு அடியாக நடந்து தள்ளுங்கள். தூக்குவதாக நினைக்காமல் தள்ளுவதாக நினைத்தால் முதுகு பிழைக்கும்.

7. முக்கால்வாசி நிமிர்ந்ததும் வேகத்தைக் குறையுங்கள். கடைசி உந்தலில் மறுபக்கம் கவிழ்த்துவிடுவதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் தவறு. இன்னொருவர் இருந்தால் அவர் தூக்க உதவுவதைவிட மறுபக்கம் நின்று தாங்கினால் உபகாரம்.

நிமிர்த்தியதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் ஆயில் சிலிண்டருக்கோ ஏர் ஃபில்டருக்கோ போயிருக்கலாம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வழிந்திருக்கும். 10 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் பாருங்கள்: ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்புகிறதா? கைப்பிடி உள்ளே நசுங்கி உரசினால் திரும்பாது, அது ஆபத்து. முன் பிரேக் லீவர் கெட்டியாக இருக்கிறதா, பிரேக் ஆயில் கசிகிறதா? கியர் லீவர் உள்பக்கம் வளைந்து இன்ஜின் மூடியை உரசுகிறதா? இன்ஜின் ஆயில் அளவு சரியா? நீர் நிரப்பும் பேட்டரி என்றால் அமிலம் சிந்தியிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், கையைத் துடைத்த துணியை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இன்ஜக்ஷன் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். வண்டி கவிழ்ந்ததை உணரும் சென்சார் இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கும். சாவியை அணைத்து, சில நொடி கழித்துத் திரும்பப் போட்டால் சரியாகும். ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் நீலப் புகை வருவது உள்ளே போன ஆயில் எரிவதால். சில நிமிடங்களில் அடங்க வேண்டும்.

நேராக ஓட்டும்போது ஹேண்டில் கோணலாக இருப்பதுபோலத் தெரிந்தால் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழல்கள்) அதைப் பிடிக்கும் கிளாம்ப்களுக்குள் திருகியிருக்கலாம். கிளாம்ப் போல்ட்களையும் அச்சையும் தளர்த்தி, நேராக்கி, இறுக்கினாலே பெரும்பாலும் தீரும். ஃபோர்க்கே வளைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஸ்டாண்டைக் கவனிப்பது

மாதம் ஒருமுறை, வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, சைடு ஸ்டாண்டின் காலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இருக்கும். 1 செ.மீ. அளவுக்கு ஆடினால் போல்ட்டோ, அது உட்காரும் துளையோ, பிரேமின் பிடிப்போ தேய்ந்திருக்கிறது. பிடிப்பு பிரேமோடு ஒட்டியிருக்கும் வெல்டிங்கைச் சுற்றித் துருக்கோடு மாதிரி ஒரு மெல்லிய வரி தெரிகிறதா என்று துடைத்துப் பாருங்கள்; அது விரிசலாக இருக்கலாம். ஸ்டாண்ட் வந்து முட்டும் நாக்கு தேய்ந்தாலோ நசுங்கினாலோ ஸ்டாண்ட் அதிகமாக முன்னால் போகும், சாய்வு கூடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவிப் போடுங்கள். போல்ட் ஸ்டாண்டை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, ஆடவும் விடக்கூடாது. பின்பக்க நட்டுதான் அந்த நிலையைப் பூட்டுகிறது. இறுக்க அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் இன்ஜினை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் உள்ள வண்டியில் கிரீஸ் அதற்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் சோதியுங்கள்: ஸ்டாண்டை இறக்கிவிட்டுக் கியர் போட்டால் இன்ஜின் நிற்க வேண்டும். சில வண்டிகளில் விளக்கு மட்டும்தான் எரியும்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான் பலரைப் பாடாய்ப் படுத்தும் வேலை. இடுக்கியால் இழுத்துக் கையைக் கிழித்துக்கொள்வதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். வண்டி மெயின் ஸ்டாண்டில் இருக்கட்டும். ஸ்டாண்டை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் பாதி வழியில் ஸ்பிரிங் நன்றாக நீண்டு, சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். அங்கேயே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மெல்லிய வாஷரையோ நாணயத்தையோ செருகிக்கொண்டே போங்கள். ஒரு பக்கமாக மட்டும் செருகினால் ஸ்பிரிங் வளையும். எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிச் செருகுங்கள். பத்துப் பன்னிரண்டு செருகியதும் ஸ்டாண்டை மேலே மடக்கினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீளமாகவே நிற்கும், கொக்கி தானே கழன்று வரும். புது ஸ்பிரிங் மாட்டும்போது, வளைத்துப் பிடித்து முதலிலேயே வாஷர்களைச் செருகி நீட்டிக்கொண்டு மாட்டுங்கள். கொக்கி இரண்டும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பின் ஸ்டாண்டைப் பாதிக்கு இறக்கினால் வாஷர்கள் பொலபொலவென்று உதிரும். அந்த நேரத்தில் முகத்தை அருகில் வைக்காதீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே இந்த வேலையைச் செய்யுங்கள். உதிர்ந்ததை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, ஸ்டாண்டைப் பத்து முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். இரண்டு கோடியிலும் கையை எடுத்ததும் ஸ்பிரிங் தானாக இழுத்து 'டக்' என்று உட்கார வேண்டும்.